மூன்றடி நாலங்குலம்

காவேரிப்பாக்கம் ஏரி
கலங்கல் வழிந்த நாலாம் நாள்.
மடியில் குறிப்பேடு, காலடியில் அளவுக்கம்பு,
குத்தகைக்காரரின் ஃபைபர் படகு,
பின்னால் தேசிங்கு.

நடுமேட்டுக்கு மேல் போகும்போது
'டங்' என்றது,
தண்ணீருக்குள் யாரோ
குடத்தைக் கல்லில் போட்டதுபோல்.
எஞ்சின் ஓலமிட்டது.
படகு நகரவில்லை.

சிவப்புக் கயிற்றைப் பிடுங்கி
அதன் வாயை அடைத்துவிட்டு
எஞ்சினைச் சாய்த்து மேலே தூக்கினார்.
மூன்று இதழில் ஒன்று பாதியைக் காணோம்.
இன்னொன்று மடிந்திருந்தது, வெற்றிலை மாதிரி.
"ஒண்ணும் இல்ல மேடம். வேற விசிறி கீது."

கீது. காற்றும்தான் கீது.
அந்த மேட்டிலேயே இறங்கி நின்று மாற்றியிருக்கலாம்,
அவர் பெட்டியைத் திறப்பதற்குள்
காற்று எங்களை ஆழத்துக்குத் தள்ளிவிட்டது.
என் அளவுக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினோம்.
நாலு கிலோ ஈயம்.
பொய்கைச் சந்தைக்கு இழுபடும் மாடு மாதிரி
சேற்றில் காலை ஊன்றி ஊன்றி
கூடவே வந்தது.
கலங்கலின் சத்தம்
முதலில் ஒரு சந்தேகமாக இருந்தது.
பிறகு தூரத்து லாரி.
பிறகு
நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தலைத்துண்டை அவிழ்த்து
எஞ்சினுக்கு அடியில் ஏணை கட்டினார்.
"விழுந்தா இதுல விழட்டும்.
தண்ணில விழுந்தா மீனுக்கு."
இதழுக்கும் தகட்டுக்கும் நடுவே
கட்டையைச் செருகிப் பிடிக்கச் சொன்னார்.
ஒரு கையில் கட்டை,
ஒரு கையில் அவருடைய இடுப்பு பெல்ட்.
ஆழம் அளக்கும் பயிற்சியில்
இதெல்லாம் வரவில்லை.

துருப்பிடித்த பின்
வளைந்த இரண்டு காலையும் நீட்ட மறுத்தது.
குறட்டில் ஒரு கால் முறிந்தது.
மறுகாலுக்கு ஒரு கெட்ட வார்த்தை,
ஒரு சுத்தியல் தட்டு.
நட்டு கழன்றது.
வாஷர் விழுந்தது,
ஏணையில்.

மாற்று விசிறி ஒரு சுற்று சின்னது,
பழசு, பல் மட்டும் பொருந்தியது.
கிரீஸ் தடவி ஏற்றினார், முடுக்கினார்,
நட்டின் துளையைப் பார்த்தார்.
பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்.
புது பின் இல்லை.
லாரி இப்போது பக்கத்துத் தெருவில்.

குறிப்பேட்டின் சுருள் கம்பியை
உருவிக் கொடுத்தேன்.
மூன்றாக முறுக்கித் துளையில் விட்டு
முனைகளை மடக்கினார்.
இரண்டாவது இழுப்பில் உறுமியது.
ஆள் மெலிந்த விசிறி
தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளியது.
கொஞ்சம் போதும்.

ஆனால் கரைக்குப் போகவில்லை.
காற்றை எதிர்த்துத் திரும்ப அந்த மேட்டுக்கே.
தண்ணீர் டேங்கும் ஒற்றைப் பனையும்
ஒன்றன்மேல் ஒன்றாகும் இடத்தில்
எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.
இடுப்புக்குச் சற்று மேலே தண்ணீர்.
காலால் துழாவவில்லை.
நேராகக் குனிந்தார், அது அங்கே இருந்தது.
காலி ஆயில் கேனை அதில் கட்டி மிதக்கவிட்டார்.

"எப்படி இவ்ளோ கரெக்டா?"

பதில் வர நேரமானது.
"நம்ம போர் பைப்புதான் மேடம்.
ஏரி காஞ்சி கெடந்தப்ப வெள்ளரி இட்டேன்.
புடுங்கணும் புடுங்கணும்னுதான் இருந்தேன்,
மழை முந்திக்கிச்சு."

அளவுக்கம்பை ஊன்றினேன்.
மூன்றடி நாலங்குலம். எழுதினேன்.
தடை: இரும்புக் குழாய். எழுதினேன்.
அடுத்த கட்டம்,
ஆக்கிரமித்தவர் பெயர்.
அவர் எதுவும் கேட்கவில்லை.
ஏறி உட்கார்ந்து துண்டைப் பிழிந்தார்,
பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.
"வெள்ளரி நல்லா வெளஞ்சிது" என்றார்,
என்னிடம் இல்லை.

கம்பி போன தாள்கள்
மடியில் படபடத்தன.
ஒன்று பறந்தால்
எது என்று யாருக்குத் தெரியும்.
பேனாவை மூடினேன்.
தாள்களை அடுக்கி
அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்,
கரை வரைக்கும்.